ஐந்தருவிப் படம் அசைந்த கதை

"வரலாறு படித்தவர் நீங்கள், வரலாறாகவே ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். ராஜராஜனைப் பற்றி எழுதினால் பக்கத்தைப் புரட்டிவிட்டு விளம்பரம் பார்க்கப் போய்விடுவீர்கள் என்பது தெரியும். ஆகவே நம் வாட்ஸ்அப் குழுவை இரண்டு மாதம் படாதபாடு படுத்திய விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன். 1984 ஜூலையில் ஐந்தருவியில் நாம் எடுத்துக்கொண்ட குரூப் போட்டோவைச் செயற்கை நுண்ணறிவால் வீடியோவாக்கித் திரையில் காட்டலாமா, கூடாதா?

நின்ற படத்தை ஆடவைக்கும் ஆசை நேற்று வந்ததல்ல. குற்றாலத்துச் சித்திர சபையிலே நடராஜர் சிலையாக இல்லை, ஓவியமாக இருக்கிறார். ஆடுகிறவரை ஆடாத சுவரில் எழுதிவைத்து, ஆடுவதாகவே கும்பிட்டு வருகிறோம்.

மேல்நாட்டில் 1878-ல் மைபிரிட்ஜ் என்பவர் வரிசையாகக் கேமராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படம்பிடித்தார். லூமியேர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். மறு ஆண்டு ஜூலையிலேயே அது பம்பாய்க்கு வந்துவிட்டது. 1905-ல் திருச்சியில் ரயில்வே டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டினார். அதெல்லாம் கேமரா கண்ட காட்சி. பல ஸ்டில் படங்களை வேகமாக ஓட்டினார்கள், அவ்வளவுதான். இப்போது நடப்பது வேறு. கையிலிருப்பது ஒரே படம். மீதியைக் கணினி தானே செய்துகொள்கிறது.

நம் ஸ்டூடியோக்காரர்களும் சும்மா இருந்தவர்கள் இல்லை. மறைந்துபோன தாத்தாவைப் பேரன் கல்யாணப் படத்தில் ஒட்டினார்கள். வீடியோ கேசட் காலத்தில் 'மிக்ஸிங்' என்று சொல்லி மணமக்கள் தலையில் ரோஜாப்பூவாகக் கொட்டினார்கள். (என் கல்யாணக் கேசட்டில் ஒரு மயிலும் வரும்.) 2021 பிப்ரவரியில் மைஹெரிடேஜ் என்ற நிறுவனம், பழைய போட்டோவில் உள்ளவர் கண் சிமிட்டித் தலை திருப்பும்படி செய்தது. தவறாகப் பயன்படும் என்று பேச்சை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். அந்தத் தயக்கமும் நெடுநாள் நிற்கவில்லை. 2018-ல் மறைந்த கலைஞர், 2024 ஜனவரியில் திரையில் தோன்றி டி.ஆர்.பாலுவின் நூல் வெளியீட்டுக்கு வாழ்த்துச் சொன்னார். அதே ஆண்டு 'கோட்' படத்தில் விஜயகாந்த் வந்தார். 2025-ல் கூகுள் போட்டோஸிலேயே, ஒரு படத்தைத் தொட்டால் ஆறு விநாடி வீடியோ என்றாகிவிட்டது.

இனி நம் படம். அது ஆக்ஃபா கிளிக்-3 கேமராவில் எடுத்தது. சுருளுக்குப் பன்னிரண்டு படம். ஷட்டர் வேகம் குறைவு என்பதால் அருவி வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி விழுந்திருக்கிறது. ஒரு துளிகூடப் பதிவாகவில்லை. அப்படியானால் கணினி துளிகளை எங்கிருந்து கொண்டுவரும்? எங்கெங்கோ விழுந்த அருவிகளின் வீடியோக்களைப் பார்த்துப் பழகி, 'தண்ணீர் இப்படித்தான் விழும்' என்று ஊகிக்கிறது. சிற்றாற்றுத் தண்ணீர் என்பது அதற்கு எப்படித் தெரியும்? சென்னையிலிருக்கும் நண்பர் ஒருவரின் மகள் முதலில் செய்து அனுப்பியதில் நாலாவது விநாடியில் ஒரு தாரையைக் காணோம். ஐந்தருவி நாலருவியாகிவிட்டது! குழுவில் ஒரே சிரிப்பு.

சிரிப்பு நின்றது அடுத்த விநாடியில். இடது ஓரத்தில் தோளில் துண்டோடு நிற்கும் நம் நண்பர், 2009-ல் காலமானவர், மெல்லத் திரும்பி முத்துப் பல் வரிசை தெரியச் சிரித்தார். ஹாக்கியில் முன்பல் உடைந்த நாள் முதல் அவர் வாய் திறந்து சிரித்ததை நம்மில் யாராவது பார்த்ததுண்டா? உதட்டை மடித்துக்கொண்டு கண்ணால் சிரிப்பவர். "அழுதுட்டேன்டா" என்று பாதிப் பேர் எழுதினார்கள். "கட்டாயம் திரையில் போடணும்" என்றார்கள் சிலர். நான் அவருடைய துணைவியாருக்கு வீடியோவை அனுப்பிவிட்டு, மறுநாள் போன் செய்தேன். அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, இது அவுக சிரிப்பு இல்ல. தண்ணி விழுறது மட்டும் நல்லாருக்கு."

அந்த வார்த்தைப்படியே முடிவு செய்தோம். படத்தில் எந்தப் பகுதி அசைய வேண்டும் என்று தூரிகையால் பூசிக் காட்டும் வசதி 2023 முதலே சில செயலிகளில் உண்டு. பாறைக்கு மேலே மட்டும் பூசினோம். ஆகவே சந்திப்பு நாளன்று ஐந்து தாரையும் விழும். நாம் நாற்பத்திரண்டு பேரும் அப்படியே நிற்போம். ஓரத்தில் 'ஏ.ஐ. தயாரிப்பு' என்று எழுத்தும் இருக்கும், பேரப்பிள்ளைகள் குழம்ப வேண்டாமல்லவா?

அசல் பிரதியைப் பெரிதாக்கி மண்டப வாசலில் மாட்டியிருக்கிறோம். படத்தின் பின்னால் அன்றைக்கே நீல மையில் எழுதிய பெயர்கள் உள்ளன. இரண்டு பெயர் மட்டும் ஈரம் பட்டு அழிந்துவிட்டது: பின்வரிசையில் இடமிருந்து நாலாவது, பதினொன்றாவது. தெரிந்தவர்கள் பக்கத்தில் தொங்கும் தாளில் எழுதிவிட்டு உள்ளே வாருங்கள். பென்சிலும் கட்டி வைத்திருக்கிறேன்.