ஜல ஜீவன்களும் வடசென்னையும்

கொசஸ்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தை நோக்கிச் செல்லும் வழியில், அனல்மின் நிலையத்தின் நெடிய புகைபோக்கிகளை அண்டியிருக்கும் வள்ளூரும் அதன் சுற்றுவட்டாரமும் நீரை நம்பியே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த பிரதேசம் என்பதை, இன்று அவ்வழியே நிலக்கரி லாரிகள் ஓடக் காண்பவர் எளிதில் ஊகித்துவிட முடியாது. கழியில் வலை வீசிய மீனவரும், சேற்றில் கையால் தடவி இறால் பிடித்த இருளரும், உப்பளங்களில் வெயிலைத் தாங்கிய உழைப்பாளிகளும் நீரின் குணத்தை நன்கறிந்தவர்கள். உணவுக்காக மீன் பிடிப்பது இப்பகுதியின் புராதனத் தொழில். கண்டு களிப்பதற்காக நீர்ப்பிராணிகளை வளர்ப்பதோ பிற்காலத்தில் வந்து சேர்ந்த வழக்கம். அவ்வழக்கத்துக்கும் இப்பட்டணத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு.

1900-ல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் கிளி, புறா, முயல், வண்ணமீன் முதலிய பிராணிகளும் பிற்காலத்தில் விலைக்குக் கிடைத்தன. 1909-ல், சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்து தென்னிந்தியக் குலங்களைப் பற்றிப் பெருநூல் தொகுத்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால், இந்தியாவின் முதல் மீன் காட்சிச்சாலை மெரினாக் கடற்கரையில் திறக்கப்பட்டது. நீருக்கு மேலே இறந்துகிடந்த மீனையே கண்டு பழகிய ஜனங்கள், நீருக்குள்ளே உயிரோடு உலவும் மீனைக் கண்ணாடி வழியே காணும் பாக்கியம் பெற்றது அப்போதுதான். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, ஜப்பானியர் குண்டு வீசுவர் என்ற பீதி பட்டணத்தைப் பிடித்த நாட்களில் அக்காட்சிச்சாலை மூடப்பட்டது. மூர் மார்க்கெட்டோ 1985 மே மாதத்தில் தீக்கு இரையாயிற்று. எனினும் மக்கள் மனத்தில் ஊன்றிய ஆசை அழியவில்லை; ஞாயிற்றுக்கிழமைகளில் பிராட்வேயில் கூடிய பிராணிச் சந்தையிலும், அதனினும் பெரிதாகக் கொளத்தூரிலும் அது தழைத்தது.

கொளத்தூர் வண்ணமீன் தொழிலுக்கு நாடறிந்த தலைநகரானது, பெருமுதலாளிகள் திட்டமிட்டு நிறுவியதால் அன்று. வீட்டுக் கொல்லையில் நாலைந்து சிமெண்டுத் தொட்டி கட்டி, மழைக்காலத்தில் கொசுப்புழுவும் மற்றக் காலத்தில் வேறு புழுக்களும் சேகரித்து இரையிட்டு, கப்பியும் மாலியும் ஏஞ்சலும் ஃபைட்டரும் குஞ்சு பொரிக்கச் செய்த சிறு குடும்பங்களின் உழைப்பே அதற்கு மூலதனம். இன்று அத்தொழில் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்கள் பலவற்றிலும் பரவியிருக்கிறது. மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் வண்ணமீன் வளர்ப்புக்கென்றே ஒரு தொழில்நுட்பப் பூங்காவை நடத்துகிறது. இத்தொழில் இங்கே வேரூன்றியதன் ரகசியம் ஒன்றுண்டு: அவர்கள் வளர்த்த மீன்களில் பெரும்பாலானவை உஷ்ணப் பிரதேசத்து நீரில் தோன்றியவை, ஆதலால் நம் சீதோஷ்ணம் அவற்றுக்கு உவப்பாயிருந்தது.

இவ்வர்த்தகத்தில் அண்மை ஆண்டுகளில் நுழைந்த ஒரு பிராணிக்கு அந்த ரகசியம் பொருந்தாது. ஆக்ஸலாட்டல் என்னும் அது மீனன்று. தவளையைப் போன்ற நீர்நில வாழ்வன இனத்தைச் சேர்ந்தது. தலையின் இருபுறமும் சிறகு போல் விரிந்த செவுள்களோடு, தலைப்பிரட்டைப் பருவம் நீங்காமலே பெரியதாகி, அந்நிலையிலேயே இனவிருத்தியும் செய்யும் விசித்திரம் அதற்குரியது. கால் அறுந்தால் மறுபடி முளைக்கும். அதன் தாயகம் மெக்சிகோ நகரை ஒட்டி, கடல் மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் கிடந்த சோச்சிமில்கோ, சால்கோ என்னும் இரு ஏரிகளே. வேறெங்கும் அது இயற்கையில் தோன்றியதில்லை. ஆஸ்டெக் மக்கள் அதை உணவாகவும் மருந்தாகவும் கொண்டனர். பலியாகாமல் தப்ப உருமாறி உருமாறி ஒளிந்த ஒரு தெய்வம் இறுதியில் எடுத்த வடிவமே அது என்றும் நம்பினர். மாமரமாய் நின்ற சூரனின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு அந்நம்பிக்கை அந்நியமாகத் தோன்றாது.

ஏரியை விட்டு அது உலகத்துக்கு வந்த வரலாறு வியப்புக்குரியது. மெக்சிகோவில் பிரெஞ்சுப் படை இருந்த காலத்தில், 1864-ல், முப்பத்துநான்கு ஆக்ஸலாட்டல்கள் பாரிஸுக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் ஆறு, ஒரு பெண்ணும் ஐந்து ஆணுமாக, அகுஸ்த் துமெரில் என்னும் விஞ்ஞானியின் கைக்குக் கிடைத்தன. அடுத்த ஆண்டே அவை முட்டையிட்டுப் பெருகின. குஞ்சுகள் சில செவுள் உதிர்த்துத் தரைவாழ் பிராணியாக மாறியது கண்டு துமெரில் திகைத்தார். ஐரோப்பாவின் ஆராய்ச்சிக்கூடங்களுக்கு அவர் அவற்றைத் தாராளமாக அனுப்பிவைத்தார். இன்று உலகின் தொட்டிகளில் வாழும் ஆக்ஸலாட்டல்களுள் மிகப் பெரும்பாலானவற்றின் வம்சாவளியில் அந்தச் சிறு கூட்டத்துக்குப் பங்குண்டு.

நன்கு பராமரிக்கப்பட்டால் அது பத்து முதல் பதினைந்து ஆண்டு வாழும். இருபதைக் கடந்தவையும் உண்டு. வண்ணமீன் சிலவற்றின் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டோடு முடிந்துவிட, இதை வாங்குகிறவர் ஒரு குழந்தை பள்ளிப் படிப்பை முடிக்கும் காலம் வரைக்கும் பொறுப்பேற்கிறார். மலைநாட்டு ஏரியின் பிராணியாதலால் 16 முதல் 18 டிகிரி வெப்பமுள்ள நீரே அதற்கு ஏற்றது. 24 டிகிரிக்கு மேற்பட்டால் உணவை வெறுத்து, நோய்க்கு எளிதில் ஆட்பட்டு, விரைவில் மடியும். சித்திரை வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் நம் வடசென்னையிலோ நீரைக் குளிர்விக்கும் இயந்திரம் இரவு பகலாக ஓட வேண்டும். ஒரு நாள் நீண்ட மின்வெட்டு போதும், பல ஆண்டுப் பராமரிப்பை வீணாக்கிவிடும். தொட்டியில் சரளைக் கல் பரப்பினால் இரையென்று விழுங்கி வதைபடும். இளங்குட்டிகளை நெருக்கி வைத்தால் ஒன்றின் காலை மற்றொன்று கடிக்கும். இவற்றையெல்லாம் அறியாமல், அதன் முகத்தில் தோன்றும் புன்னகையில் மயங்கி வாங்குகிறவர்கள், பத்தாண்டு ஆயுளைப் பத்து மாதத்தில் முடித்துவைக்கிறார்கள் என்று சொல்வது மிகையாகாது.

சட்டமும் இவ்விஷயத்தில் வாளாவிருக்கவில்லை. 1975 முதல், அருகிவரும் உயிரினங்களைப் பற்றிய சர்வதேச வர்த்தக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் இப்பிராணி, 2022-ல் திருத்தப்பட்டு அடுத்த ஆண்டு ஏப்ரலில் அமலுக்கு வந்த நம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள்ளும் வந்துவிட்டது. வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்வது கடமை. இதற்குக் காரணம் தாயகத்தில் அதற்கு நேர்ந்த கதி. சால்கோ ஏரி வடிக்கப்பட்டது. சோச்சிமில்கோ கால்வாய்களாகச் சுருங்கியது. நகரத்தின் கழிவு அவற்றில் கலந்தது. ஏழைகளுக்கு உணவாகட்டும் என்ற நல்லெண்ணத்தோடு விடப்பட்ட கெண்டையும் திலாப்பியாவும் அதன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று பெருகின. 1998-ல் சதுர கிலோமீட்டருக்கு ஆறாயிரம் என்றிருந்த மதிப்பீடு, 2014-ல் முப்பத்தாறாக வீழ்ந்தது. உலகத்துத் தொட்டிகளில் லட்சக்கணக்கில் வாழும் ஒரு ஜீவன், தான் பிறந்த ஏரியில் இல்லாமற்போகும் நிலையில் நிற்கிறது.

அதே நல்லெண்ணத்தோடு 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவைத்தான் நம்மவர் ஜிலேபி மீன் என்கிறார்கள். நம் ஏரி குளங்களிலும் அது நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எண்ணூர்க் கழியிலோ அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்து, ஆழம் குறைந்து, இறால் தடவிய கைகள் வேறு வேலை தேடிப் போயின. பாரிஸ் நகரத்துத் தொட்டி ஓர் இனத்தின் வம்சத்தைக் காப்பாற்றிற்று. அதன் ஏரியைக் காப்பாற்ற அதனால் இயலவில்லை. கொளத்தூர்த் தொட்டிகளுக்கும் அந்த எல்லை உண்டு. ஆகவே, நீர்ப்பிராணிகளின்மேல் மெய்யான அன்புள்ளவர், பத்துப் பதினைந்தாண்டு பேண முடியாத பிராணியை வீட்டுக்குக் கொண்டுவராதிருப்பது முதற்கடமை. வள்ளூர்க் கழியில் சாம்பல் கொட்டாதிருக்கவும், படிந்ததை அகற்றவும் மீனவரோடு சேர்ந்து குரல் கொடுப்பது அதனோடு ஒத்த கடமை. தொட்டிக்கு நாம் செலவிடும் கவலையில் பாதியேனும் கழிக்குக் கிடைக்குமாயின், இங்கே பிறந்த ஜீவன்கள் வாழ எந்த இயந்திரத்தின் தயவும் தேவைப்படாது.