இந்தியாவில் போதைப்பொருள் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு

இந்தியாவில் போதைப்பொருள் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்பது மது, கஞ்சா, அபின் வகைகள் முதலியவற்றை எத்தனை பேர், எந்த அளவில் பயன்படுத்துகின்றனர் என்பதை மாதிரிக் கணக்கெடுப்பின் வழியாக மதிப்பிடும் முயற்சி ஆகும். நாடு தழுவியவற்றுள் முதன்மையானவை இரண்டு. முதலாவது 2000-2001 இல் நடத்தப்பட்டு 2004 இல் வெளியானது. இரண்டாவது 2018 இல் நடத்தப்பட்டு 2019 பெப்ரவரியில் வெளியானது. பின்னதன் முடிவுகள் இந்தியாவுக்கான எண்களோடு நில்லாமல் உலக அளவிலான மதிப்பீட்டையே மாற்றின.

ஒப்பீட்டின் இடர்

ஒரு நாட்டில் நூற்றுக்கு இரண்டு பேர் ஒரு பொருளைப் பயன்படுத்துகின்றனர் என்ற எண்ணை இன்னொரு நாட்டின் எண்ணோடு ஒப்பிடுமுன், யாரிடம் கேட்கப்பட்டது, எந்த வயதினரிடம், எக்காலத்துப் பயன்பாட்டைப் பற்றி என்பவை தெரிந்திருத்தல் வேண்டும். வாழ்நாளில் ஒருமுறையேனும் பயன்படுத்தியவர், கடந்த 12 மாதங்களில் பயன்படுத்தியவர், கடந்த 30 நாட்களில் பயன்படுத்தியவர் ஆகிய மூன்றும் வெவ்வேறு எண்கள் ஆகும். பொருளின் வரையறையும் நாட்டுக்கு நாடு வேறுபடும். 1961 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை கஞ்சாச் செடியின் பூந்தலைகளையும் பிசினையும் கட்டுப்படுத்துகிறது. தனித்த இலையை விட்டுவிடுகிறது. இந்தியாவின் 1985 ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே அமைந்துள்ளது. எனவே இலையிலிருந்து செய்யப்படும் பாங்கு அச்சட்டத்தின் தடைக்குள் வருவதில்லை. 2018 கணக்கெடுப்பின்படி கஞ்சாச் செடியின் ஏதேனும் ஒரு பொருளைப் பயன்படுத்தியோர் 2.8 விழுக்காட்டினர். அவர்களுள் பாங்கைப் பிரித்துவிட்டால் கஞ்சா, சரஸ் ஆகியவற்றுக்கு எஞ்சுவது ஏறத்தாழ 1.2 விழுக்காடே. பிற நாடுகளோடு ஒப்பிடுவோர் இவ்விரண்டில் எதை எடுக்கின்றனர் என்பதைப் பொறுத்து இந்தியாவின் இடம் மாறும்.

அனைத்துலக அளவுகோல்கள்

ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் உறுப்பு நாடுகளுக்கு ஆண்டுதோறும் வினாத்தாள் அனுப்பி, பெறும் விடைகளைக் கொண்டு உலகப் போதைப்பொருள் அறிக்கையை வெளியிடுகிறது. அவ்வறிக்கை 15 முதல் 64 வயது வரையுள்ளோரை அடிப்படையாகக் கொள்கிறது. ஐரோப்பாவில் இதற்கென 1993 இல் நிறுவப்பட்டு, லிசுபனில் 1995 முதல் இயங்கிவந்த கண்காணிப்பு மையம், பொதுமக்கள் கணக்கெடுப்பு, சிகிச்சை நாடுவோர், தீவிரப் பயன்பாடு, இறப்பு, தொற்றுநோய் என ஐந்து குறிகாட்டிகளை வகுத்தது. இம்மையம் 2024 சூலையில் ஐரோப்பிய ஒன்றியப் போதைப்பொருள் முகமையாக மாற்றப்பட்டது.

கணக்கெடுப்பு நடத்தாத நாடுகளுக்கு அண்டை நாடுகளின் எண்கள், பழைய எண்கள் ஆகியவற்றைக் கொண்டே மதிப்பீடு செய்யப்படுகிறது. மக்கள்தொகை மிகுந்த ஒரு நாட்டின் எண் பழையதாக இருந்தால் உலக எண்ணும் அதனால் பிழைபடும்.

2000-2001 கணக்கெடுப்பு

சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகமும் மேற்கூறிய ஐக்கிய நாடுகள் அலுவலகமும் இணைந்து இதனை நடத்தின. வீட்டுக் கணக்கெடுப்பில் 12 முதல் 60 வயது வரையுள்ள 40,697 ஆண்கள் கலந்துகொண்டனர், பெண்கள் சேர்க்கப்படவில்லை. மது 21.4 விழுக்காடு, கஞ்சா 3.0 விழுக்காடு, அபின் வகைகள் 0.7 விழுக்காடு எனக் கண்டறியப்பட்டது. இதனோடு சிகிச்சை மையங்களுக்கு வந்தோர் பற்றிய பதிவும், 14 நகரங்களில் விரைவு மதிப்பீட்டு ஆய்வும் மேற்கொள்ளப்பட்டன. அந்நகரங்களுள் சென்னையும் ஒன்று.

2018 கணக்கெடுப்பு

அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் தேசியப் போதைச் சார்புச் சிகிச்சை மையம் இதனை நடத்தியது. 186 மாவட்டங்களில் 2,00,111 வீடுகளுக்குச் சென்று, 10 முதல் 75 வயது வரையுள்ள 4,73,569 பேரிடம் வினவினர். வீடுவீடாகச் சென்று கேட்டால் மது அருந்துவதை ஒப்புக்கொள்பவர் பலர். ஹெராயினை ஒப்புக்கொள்பவர் மிகச் சிலர். தெருவோரம் வாழ்பவர், சிறையில் இருப்பவர் ஆகியோர் வீட்டுப் பட்டியலிலேயே இல்லை. இதனை ஈடுசெய்யும் பொருட்டு 135 மாவட்டங்களில் 72,642 பேரிடம் தனி ஆய்வு செய்யப்பட்டது. இம்முறையில் பயன்படுத்தும் ஒருவர் தமக்குத் தெரிந்த வேறு சிலரை அழைத்து வருகிறார். அவர்கள் மேலும் சிலரை அழைத்து வருகின்றனர். பின்னர் பெருக்கல் முறை கையாளப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு மாவட்டத்துச் சிகிச்சை மையப் பதிவேட்டில் ஓராண்டில் 500 பேர் இருந்து, ஆய்வில் கலந்துகொண்டோருள் பத்தில் ஒருவர் மட்டுமே அம்மையத்துக்குச் சென்றதாகக் கூறினால், மாவட்டத்தின் மொத்த எண்ணிக்கை 5,000 எனக் கொள்ளப்படும்.

அபின் வகைகளைப் பயன்படுத்துவோர் 2.1 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 2.26 கோடி பேர் என மதிப்பிடப்பட்டது. முந்தைய 0.7 விழுக்காட்டோடு வைத்து 'மூன்று மடங்கு உயர்வு' என்று கூறுவது எளிது. ஆனால் வயது வரம்பு, பாலினம், முறை மூன்றும் மாறியுள்ளதால் அந்த உயர்வில் எவ்வளவு மெய்யானது, எவ்வளவு அளவீட்டால் வந்தது என்று பிரித்தறிய இயலாது. 2019 ஆம் ஆண்டின் உலக அறிக்கை, அபின் வகைகளைப் பயன்படுத்துவோர் உலகில் 5.3 கோடி எனக் குறித்தது. இது அதற்கு முந்தைய மதிப்பீட்டைவிட 56 விழுக்காடு மிகுதி. இந்தியாவிலும் நைசீரியாவிலும் புதிதாகக் கணக்கெடுத்ததே இதற்குக் காரணம் என்று அவ்வறிக்கையே விளக்கியது.

ஒரே நாட்டில் இரு எண்கள்

2018 கணக்கெடுப்பின்படி இந்திய ஆண்களுள் மது அருந்துவோர் 27.3 விழுக்காடு. 2019-21 இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுள் 18.8 விழுக்காடு. ஓரிரு ஆண்டுகளில் மூன்றில் ஒருவர் மதுவைக் கைவிட்டனர் எனக் கொள்ள முடியாது. முன்னது கடந்த 12 மாதங்களைக் குறித்துக் கேட்டது; பின்னது 'மது அருந்துகிறீர்களா' என்று பொதுவாகக் கேட்டது. ஆண்டில் ஓரிரு முறை திருவிழாவில் அருந்துபவர் பின்னதற்கு 'இல்லை' எனலாம்.

ஒரே வினாத்தாளைப் பல நாடுகளில் கையாண்டதற்கு நல்ல எடுத்துக்காட்டு உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பு. இதன்படி 2009-10 க்கும் 2016-17 க்கும் இடையில் இந்தியாவில் புகையிலைப் பயன்பாடு 34.6 இலிருந்து 28.6 விழுக்காடாகக் குறைந்தது. தமிழ்நாட்டிலோ 16.2 இலிருந்து 20.0 ஆக உயர்ந்தது. கேள்வியும் வயதும் மாறாததால் இந்த உயர்வை அளவீட்டின் மாற்றம் என ஒதுக்க இயலாது.

உள்ளூர் அளவில்

2018 முடிவுகள் மாநில அளவிலேயே வெளியிடப்பட்டன. எனவே வண்டலூர், தாம்பரம் போன்ற சென்னைப் புறநகர்களுக்கு அதிலிருந்து எண் எதுவும் பெற இயலாது; மாநில விழுக்காட்டை உள்ளூர் மக்கள்தொகையால் பெருக்கிச் சொல்வது தவறு. கணக்கெடுப்பு நடந்தபோது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த வண்டலூர், 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் வந்ததால், மாவட்ட எண்கள் கிடைத்தாலும் முன்பின் ஒப்பிடுவது கடினம். கல்லூரி விடுதிகளும் வெளிமாநிலக் கட்டுமானத் தொழிலாளர் குடியிருப்புகளும் மிகுந்த இப்பகுதியில், வீட்டுக் கணக்கெடுப்பு மட்டும் போதுமானதன்று. மதுவைப் பொறுத்தவரை, 2003 முதல் சில்லறை விற்பனையை நடத்திவரும் டாஸ்மாக் நிறுவனத்தின் விற்பனை விவரம் உண்டு. ஆயினும் அது புட்டிகளின் எண்ணிக்கையே அன்றி அருந்துவோரின் எண்ணிக்கை அன்று.

கொள்கையில் பயன்பாடு

2020 ஆகத்து 15 இல் தொடங்கப்பட்ட போதையில்லா இந்தியா இயக்கத்துக்கு 272 மாவட்டங்களைத் தெரிவு செய்ய, 2018 கணக்கெடுப்பும் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகத்தின் தகவல்களும் பயன்படுத்தப்பட்டன. மதுவுக்கு அடிமையானோருள் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறினர் என்பதும் அக்கணக்கெடுப்பில் வெளிப்பட்டதே. சிகிச்சை மையங்களின் பதிவேடுகளை மட்டும் கொண்டு கணக்கிட்டிருந்தால் எஞ்சிய 37 பேர் கணக்கில் வந்திருக்கமாட்டார்கள்.