மெண்டல்சோனின் ஆக்டெட்டும் இளம் இசைஞர்களும்

ஜெர்மானிய இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சோன் (1809–1847) தமது 16-ஆம் வயதில், 1825-ஆம் ஆண்டு எழுதிய அறையிசைப் படைப்பு ஆக்டெட் ஆகும். நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செலோ என எட்டுத் தந்திக் கருவிகளுக்காக எழுதப்பட்ட இது இ-ஃபிளாட் மேஜரில் அமைந்தது. ஓபஸ் 20 என எண்ணிடப்பட்டுள்ளது. ஐரோப்பிய ரொமாண்டிக் கால இசையின் தொடக்கப் பத்தாண்டுகளில் தோன்றிய இப்படைப்பு, ஓர் இளைஞர் தம் நண்பரான இன்னோர் இளைஞருக்கு அளித்த பிறந்தநாள் பரிசு. இளம் இசைக்குழுக்கள் இன்றும் இதை விரும்பி வாசிக்கின்றன.

அறையிசையும் வீடும்

ஒவ்வொரு பகுதியையும் ஒரே ஒருவர் வாசிக்க, நடத்துநர் இல்லாமல் சிறு குழுவாக நிகழ்த்துவது அறையிசை. தாளத்தைக் காட்டிக் கொடுக்க முன்னால் யாரும் நிற்பதில்லை. வாசிப்பவர்கள் ஒருவர் வில்லை மற்றவர் கவனித்தே சேர்ந்து தொடங்கவும் சேர்ந்து முடிக்கவும் வேண்டும். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இவ்விசையின் முதன்மையான இடமாக அரண்மனைக் கூடங்களும் வசதி படைத்தோரின் வீடுகளும் இருந்தன.

பெர்லினில் வங்கித் தொழில் செய்த ஆபிரகாம் மெண்டல்சோனின் வீடு அத்தகையது. அங்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இசைக்கூட்டங்கள் நடைபெற்றன. அரசவை இசைக்குழுவின் கலைஞர்களுக்கு ஊதியம் கொடுத்து ஆபிரகாம் வரவழைத்தார். ஃபெலிக்ஸ், ஃபானி, ரெபெக்கா, பவுல் என நான்கு பிள்ளைகளும் பங்கேற்றனர். ஃபெலிக்ஸ் 1821 முதல் 1823 வரை எழுதிய தந்தி சிம்பொனிகள் இக்கூட்டங்களில் வாசிக்கப்பட்டன. எழுதியதைச் சில நாட்களிலேயே தேர்ந்த கலைஞர்களின் வாசிப்பில் கேட்டுத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு பதின்ம வயதுச் சிறுவனுக்குக் கிடைத்தது. 1825-இல் குடும்பம் லைப்சிகர் தெரு 3-ஆம் எண் மாளிகையை வாங்கியது. ஆக்டெட் அவ்வாண்டு அக்டோபர் 15 அன்று முடிக்கப்பட்டது.

எட்வர்ட் ரீட்ஸ்

படைப்பைப் பரிசாகப் பெற்றவர் வயலின் கலைஞர் எட்வர்ட் ரீட்ஸ். ஃபெலிக்ஸைவிட ஆறு வயது மூத்தவர். அவருக்கு வயலின் கற்பித்தவர், நெருங்கிய நண்பரும்கூட. 1825 அக்டோபர் 17 அன்று ரீட்ஸுக்கு 23 வயது நிறைந்தது. ஆக்டெட்டின் முதல் வயலின் பகுதி, தனி வயலின் கச்சேரிக்குரிய அளவு கடினமாக இருப்பதற்கு இதுவே காரணம். படைப்பின் தொடக்கத்திலேயே முதல் வயலின் அடித்தளத்திலிருந்து உச்சத்திற்கு ஏறிச் செல்கிறது.

1829 மார்ச் 11 அன்று பாஹ்வின் மத்தேயு பாடுகள் இசையை 20 வயது மெண்டல்சோன் பெர்லினில் மீண்டும் அரங்கேற்றியபோது, இசைக்குழுவின் முதல் வயலினாக இருந்தவரும் ரீட்ஸே. காசநோயால் அவர் 1832 ஜனவரியில், 29 வயதில் இறந்தார். பாரிஸில் இருந்த மெண்டல்சோன், ஓபஸ் 18 தந்தி ஐவரிசையில் இருந்த ஒரு பகுதியை நீக்கிவிட்டு, நண்பரின் நினைவாக மெதுவான புதிய பகுதி ஒன்றை எழுதிச் சேர்த்தார்.

அமைப்பு

எட்டுத் தந்திக் கருவிகளுக்கு எழுதுவது அப்போது முற்றிலும் புதிதல்ல. லூயி ஷ்போர் 1823-இல் இரட்டை நால்வரிசை ஒன்றை எழுதியிருந்தார். அதில் நால்வர் குழுக்கள் இரண்டு எதிரெதிராக உரையாடுகின்றன. மெண்டல்சோன் எட்டுக் கருவிகளையும் ஒரே குழுவாகக் கையாண்டார். அவற்றை எட்டாகப் பிரிக்கவும் ஒன்றாக இணைக்கவும் செய்தார். சிம்பொனி இசைக்குழு வாசிப்பதைப் போல இதை வாசிக்க வேண்டும் என்றும், மென்மைக்கும் உரப்புக்குமான வேறுபாட்டை வழக்கத்தைவிடக் கூர்மையாகக் காட்ட வேண்டும் என்றும் அவர் குறிப்பு எழுதினார்.

படைப்பு நான்கு பகுதிகளைக் கொண்டது. மூன்றாவதான ஸ்கெர்ட்சோ மிக மெல்லிய ஒலியில், விட்டுவிட்டு ஒலிக்கும் சுரங்களால் விரைந்து செல்கிறது. கதேயின் ஃபவுஸ்ட் நாடகத்தில் வரும் வால்புர்கிஸ் இரவுக் காட்சியின் இறுதி வரிகளிலிருந்து இக்கற்பனை பிறந்ததாகவும், அதைத் தம்பி தம்மிடம் மட்டுமே சொன்னதாகவும் ஃபானி பதிவு செய்துள்ளார். நான்காம் பகுதி இரண்டாம் செலோவின் அடிக்குரலில் தொடங்குகிறது. ஒவ்வொரு கருவியாக அதைப் பின்தொடர்ந்து எட்டுக் குரல்களும் சேர்கின்றன. மெண்டல்சோன் 1832-இல் படைப்பைத் திருத்திச் சுருக்கினார். 1836 ஜனவரி 30 அன்று லைப்சிக் நகரின் கேவண்ட்ஹவுஸ் அரங்கில் இது பொதுமக்கள் முன் நிகழ்த்தப்பட்டது.

ஃபானிக்கு மறுக்கப்பட்டது

அதே வீட்டில், அதே ஆசிரியர்களிடம் பயின்றவர் ஃபெலிக்ஸைவிட மூன்று வயது மூத்த ஃபானி (1805–1847). 13 வயதில் பாஹ்வின் 24 பிரெலூடுகளை மனப்பாடமாக வாசித்தவர். ஆனால் 1820-இல் தந்தை அவருக்கு எழுதிய கடிதம் எல்லையை வகுத்தது: இசை ஃபெலிக்ஸுக்குத் தொழிலாகலாம், ஃபானிக்கு அணிகலனாக மட்டுமே இருக்க முடியும். தம்பி பாரிஸ், லண்டன் எனப் பயணம் செய்தபோது அக்கா வீட்டிலேயே இருந்தார். 1831 முதல் ஞாயிறு இசைக்கூட்டங்களை அவரே பொறுப்பேற்று நடத்தினார். 1834-இல் அவர் எழுதிய தந்தி நால்வரிசை அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. தம் பெயரில் பாடல்களை ஓபஸ் 1 என அவர் வெளியிட்டது 1846-இல்தான். அடுத்த ஆண்டு மே 14 அன்று, ஞாயிறு கூட்டத்திற்கான ஒத்திகையின்போது நோய்வாய்ப்பட்டு அன்றே இறந்தார். ஆறு மாதங்களுக்குள் ஃபெலிக்ஸும் மறைந்தார்.

பின்வந்த இளைஞர்கள்

ஆக்டெட்டைப் பின்பற்றியவர்களில் இளைஞர்கள் பலர். நார்வே நாட்டு யோஹான் ஸ்வென்சென், மெண்டல்சோன் நிறுவிய லைப்சிக் இசைக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது தமது ஆக்டெட்டை எழுதினார். ருமேனியாவின் ஜார்ஜ் எனெஸ்கு 1900-இல், 19 வயதில் தம்முடையதை முடித்தார்.

இன்று இரண்டு நால்வர் குழுக்கள் ஒரே மேடையில் சந்தித்தால் பெரும்பாலும் வாசிப்பது மெண்டல்சோனைத்தான். அப்போது தம் குழுவில் முதல் வயலினாக இருப்பவர் மூன்றாம் வயலினாக அமர வேண்டியிருக்கும். முன்னின்று வாசிப்பவர் பின்னின்று தாங்கவும் பழகுகிறார்.

மேதைச் சிறுவன் ஒருவனின் அற்புதமாகவே ஆக்டெட் பெரும்பாலும் பேசப்படுகிறது. திறமை மறுக்க முடியாதது. ஆயினும் ஊதியம் பெற்று வந்த கலைஞர்கள், முதல் வயலினை ஏற்க ஒரு நண்பர், பிழைகளைக் கேட்டுத் திருத்திக்கொள்ள ஒரு கூடம் ஆகியவையும் அதன் பின்னே இருந்தன. அந்தக் கூடம் ஃபானிக்கும் திறந்திருந்தது. அதிலிருந்து வெளியே செல்லும் வாசல்தான் அவருக்கு நெடுங்காலம் மூடியிருந்தது.