கட்டாயப் பணியும் கம்பியில்லாத் தந்தியும்

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நம்மவர்க்குத் 'தந்தி' என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. வாசலில் தந்திக்காரரின் குரல் கேட்டதும், உறையைப் பிரிக்கும் முன்னரே கை நடுங்கிய காலம் ஒன்றிருந்தது. அத்தந்திப் பணி இந்தியாவில் 2013ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 14ஆம் நாள் இரவோடு முடிவுற்றது. ஆயினும் தந்தியோடு பிறந்த மோர்ஸ் குறிமுறைக்கு வேறொரு வரலாறும் உண்டு. ஓர் அரசு தன் இளைஞரைக் கட்டாயமாக அழைத்து அதனைக் கற்பித்தது. அதே அரசு, வானலையில் விருப்பத்தோடு பேச வந்தவரை நிறுத்தி, 'இதனைக் கற்று வந்தனையோ?' எனத் தேர்வும் வைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரிட்டனின் அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

ஒலியின் அளவு

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று வகுத்தது நம் இலக்கணம். மோர்ஸ் முறையில் புள்ளிக்கு ஓர் அளவு. கோட்டிற்கு மூன்று அளவு. மௌனத்திற்கும் அங்கே அளவுண்டு. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையில் மூன்று. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் ஏழு. நிமிடத்திற்கு 12 சொற்கள் என்னும் வேகத்தில் ஒரு புள்ளி ஒலிக்கும் நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கே. புள்ளியையும் கோட்டையும் எண்ணிக் கொண்டிருப்பவர் அவ்வேகத்தில் பின்தங்கி விடுவர். ஒவ்வோர் எழுத்தையும் ஒரு முழு ஒலியாகவே செவி அறிதல் வேண்டும். கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் வழிவந்த நமக்குச் செவியின் அருமை புதிதன்று.

இருபது இலட்சம் இளைஞர்

பிரிட்டனில் 1948ஆம் ஆண்டின் தேசியப் பணிச் சட்டம் 1949 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 17 முதல் 21 வயது வரையுள்ள, உடல் தகுதி வாய்ந்த ஆடவர் 18 மாதங்கள் படைப்பணி ஆற்றல் வேண்டும் என்பது விதி. நிலக்கரிச் சுரங்கம், வேளாண்மை போன்ற தொழில்களில் இருந்தோர்க்கு விலக்குண்டு. கொரியப் போர் மூண்டதும் 1950இல் பணிக்காலம் இரண்டாண்டாயிற்று. 1960இன் இறுதியோடு அழைப்பு நின்றது. கடைசியாகப் பணியில் இருந்தோர் 1963 மே மாதத்தில் வீடு திரும்பினர். அதற்குள் ஏறத்தாழ இருபது இலட்சம் பேர் அப்படைகளைக் கடந்து சென்றிருந்தனர்.

அவருள் ஒரு பகுதியினர்க்குக் கம்பியில்லாத் தந்தி தொழிலாக வாய்த்தது. யார்க்ஷயரின் கேட்டரிக்கில் தரைப்படையினரும், வில்ட்ஷயரின் காம்ப்டன் பாசெட்டில் விமானப்படையினரும் பயிற்சி பெற்றனர்.

கட்டாயப் பணிச் சட்டத்திற்குச் சற்று முன்னரே, 1946இல், விமானப்படை புகுந்து மோர்ஸ் கற்றவர் ஆலன் சில்லிட்டோ என்னும் நாவலாசிரியர். தொழிற்சாலை வேலையிலிருந்து வந்த அவ்விளைஞர், நம் தமிழர் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்துவந்த மலாயாவில் வானொலி இயக்குநராக இருந்தார். காசநோயுற்று நெடுநாள் மருத்துவமனையில் கிடந்தபோதுதான் அவர் எழுதத் தொடங்கினார். 2010இல் மறையும் வரை மோர்ஸ் ஒலிகளைக் கேட்கும் ஆர்வம் அவரை விட்டு நீங்கவில்லை. கவிஞர் டெட் ஹியூஸும் 1949 முதல் 1951 வரை யார்க்ஷயரின் ஒதுக்குப்புறமான ஒரு வானொலி நிலையத்தில் பழுதுபார்ப்பவராகப் பணியாற்றினார். வேலை குறைவான அவ்விடத்தில் ஷேக்ஸ்பியரைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

செவிக்கு உடையவர் யார்?

எல்லார்க்கும் இத்தகைய பேறு வாய்க்கவில்லை. பனிப்போர் எல்லைகளில் அமர்ந்து சோவியத் படைகளின் வானொலியைக் கேட்டெழுதும் பணி சிலர்க்கு அளிக்கப்பட்டது. 1958 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டு மாணவர் இதழான 'ஐசிஸ்' இதனை வெளியிட்டது. எழுதிய வில்லியம் மில்லர், பால் தாம்ஸன் இருவரும் தேசியப் பணியின்போது கடற்படையில் ரஷ்ய மொழி கற்றவர்கள். அரசு இரகசியச் சட்டத்தின்கீழ் அவ்விருவர்க்கும் மூன்று மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அரசு கட்டாயப்படுத்திக் கற்பித்த கல்வி அரசுக்கு உரியதா, கற்றவனுக்கு உரியதா என்னும் வினா அவ்வழக்கில் எழுந்து நிற்கக் காண்கிறோம். இரண்டாண்டுகளைக் கொடுத்தவன் இளைஞன். அக்காலத்தில் அவன் கேட்டவற்றுக்குப் பூட்டுப் போட்டது சட்டம்.

உரிமம் என்னும் வாயில்

இனி மற்றொரு பக்கத்தைப் பார்ப்போம். வீட்டில் கருவி அமைத்து வானலையில் உரையாடும் அமெச்சூர் வானொலியாளர் மோர்ஸ் அறிந்திருத்தல் வேண்டும் என்பதை 1927இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு விதியாக்கியது. அதற்குக் காரணமும் இருந்தது. கப்பல்களின் அபாய அழைப்புகள் அந்நாளில் மோர்ஸிலேயே வந்தன. ஒருவருடைய ஒலிபரப்பு அவற்றுக்கு இடையூறாயின், 'நிறுத்துக' என்று அரசு நிலையம் ஆணையிடுவதும் மோர்ஸில்தான். அவ்வாணை விளங்காதவரை வானலையில் விடுதல் தகாது என்று அரசுகள் எண்ணின.

அச்சமும் ஒரு காரணமே. 1939இல் போர் மூண்டவுடன் பிரிட்டனில் அமெச்சூர் உரிமங்கள் நிறுத்தப்பட்டு, ஒலிபரப்புக் கருவிகள் கைப்பற்றப்பட்டன. ஆனால் அதே அரசு பின்னர் அவர்களுடைய செவியை நாடியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தத்தம் வீட்டிலிருந்தே பகைவரின் மெல்லிய ஒலிகளைக் கேட்டெழுதி அனுப்பினர். அவர்களை எவரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது குறிப்பிடத் தக்கது.

போர் முடிந்து 1946இல் உரிமங்கள் மீண்டன. எழுத்துத் தேர்வோடு நிமிடத்திற்கு 12 சொற்கள் என்னும் மோர்ஸ் தேர்வும் இருந்தது. 1964இல் மிக உயர்ந்த அலைவரிசைகளுக்கு மட்டும் மோர்ஸ் வேண்டாத உரிமம் ஒன்று பிறந்தது. கட்டாயப் பணி முற்றும் ஓய்ந்த மறு ஆண்டு அது.

நம் நாட்டில்

விடுதலை பெற்ற இந்தியாவில் கட்டாயப் படைப்பணி இருந்ததில்லை. சீனப் போருக்குப் பின் 1963இல் கல்லூரி மாணவர்க்குத் தேசிய மாணவர் படை கட்டாயமாக்கப்பட்டு, 1968இல் அக்கட்டாயம் விலக்கப்பட்டது. வானொலி உரிமத்திற்கோ இங்கும் மோர்ஸ் தேர்வு இருந்தது. 1978ஆம் ஆண்டு விதிகளின்படி இரண்டாம் நிலைக்கு நிமிடத்திற்கு 5 சொற்களும், முதல் நிலைக்கு 12 சொற்களும் தேவைப்பட்டன. இரகசிய ஒலிபரப்பின் வலிமையை நம் நாடு முன்னரே கண்டிருந்தது. 1942இல் பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் நடத்திய காங்கிரஸ் வானொலி அந்நிய ஆட்சியைக் கலங்க வைத்தது அன்றோ?

தேர்வு ஒழிந்த பின்

கப்பல்கள் 1999 பிப்ரவரியில் அபாய அழைப்புக்கு வேறு முறையை முழுமையாக ஏற்றன. பழைய காரணம் அத்துடன் மறைந்தது. 2003இல் ஜெனீவா மாநாடு மோர்ஸ் கட்டாயத்தை நீக்கியது. பிரிட்டன் அவ்வாண்டிலேயே அதனைக் கைவிட்டது. அமெரிக்கா 2007இல் கைவிட்டது. தேர்வு ஒழிந்தால் கலையும் ஒழியும் என வருந்தியோர் பலர். ஆனால் சிற்றலையில் இன்றும் மோர்ஸ் ஒலிக்கிறது. கற்க வேண்டும் என்னும் விதி இல்லாத நிலையிலும் புதியவர் விரும்பிக் கற்கின்றனர்.

கட்டாயத்தால் பயனே இல்லை என்று நாம் கூறவில்லை. சில்லிட்டோவுக்கு அச்செவியை அளித்தது படைதான். ஆயினும் படையை நீங்கிய பின் அறுபதாண்டுக் காலம் அதனைக் காத்தது அவருடைய விருப்பமே. வீட்டிற்கு வெளியே வேறு மொழி வழங்கும் ஊர்களில் நம் மக்களுக்குத் தமிழ் கற்பிக்கும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் சான்றிதழும் எழுத்தை அறிவிக்கும். அவ்வெழுத்து பிள்ளையின் செவியில் தங்குவது, அதனை விரும்பிக் கேட்கும் வாய்ப்பை வீடு அளிக்கும்போதுதான்.