தோல் ஷூவும் ரப்பர் அடியும்

நியூஜெர்சியில் தோல் ஷூவுக்கு ரப்பர் அடி போடக் கேட்ட காசை ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன். (இந்த வியாதி இன்னும் போகலீங்க!)

எண்பதுகளில் மைசூர் தேவராஜா மார்க்கெட் பக்கம், மரத்தடியில் ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பார். அப்பா புது ஷூ வாங்கினால் நேரே அவரிடம்தான். அடித்தோலை அரத்தால் ராவி, சொல்யூஷன் தடவிக் காயவிட்டு, ரப்பரை ஒட்டி, ஓரமெல்லாம் சின்ன ஆணி அடிப்பார். வழவழ தோலில் பசை நிக்காதாம். அதுக்கப்புறம் மழையில் தோல் ஊறாது, வழுக்காது.

வெயிலில் இளகி, குளிரில் வெடித்த ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உருப்படியாக்கியவர் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், 1839ல். 1935ல் ஆல்ப்ஸ் மலையில் ஆறு நண்பர்களைப் பறிகொடுத்த இத்தாலியர் விடாலே பிரமானி, 1937ல் பள்ளம் வைத்த ரப்பர் அடியைக் கொண்டுவந்தார். அவர் பெயரைச் சுருக்கினால் 'விப்ரம்'. மைசூருக்கும் ரப்பர் சொந்தம்தான். விக்ராந்த் டயர் அங்கேதான் தயாரானது. 1997ல் ஜேகே டயர் கைக்குப் போனது.

அப்பா காசைத் தாத்தா கையில் கொடுக்க மாட்டார், கல்மேல் வைப்பார். தாத்தாவும் கை நீட்டியதில்லை. தீண்டாமை குற்றம் என்று தண்டிக்கும் சட்டம் 1955லேயே வந்துவிட்டது. இங்கே கடைக்காரர் மீதிச் சில்லறையை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தியபோதுதான் அந்தக் கல் ஞாபகம் வந்தது.