கிட் ஏ: யாருக்குமே பிடிக்காத ஆல்பமா?

சில மாதங்களுக்கு முன்னால் ராக் இசை பற்றி எழுதிய ஒரு குறிப்பில், போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். ரேடியோஹெட் குழுவின் 'கிட் ஏ' வந்தபோது யாருக்கும் பிடிக்கவில்லை, பத்து வருஷம் கழித்துத்தான் உலகத்துக்குப் புரிந்தது என்று. படித்த நண்பர் ஒருவர் போன் பண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "யாருக்கும் பிடிக்கலைன்னா, முதல் வாரமே அது எப்படி நம்பர் ஒன் ஆச்சு?" என்னிடம் பதில் இல்லை. தேட உட்கார்ந்தேன். இந்தக் கட்டுரை அந்த வரிக்கான திருத்தம்.

கொஞ்சம் பின்னணி. 1997இல் வந்த 'ஓகே கம்ப்யூட்டர்' ரேடியோஹெட்டை உலகறிந்த குழுவாக்கியது. அடுத்ததும் அதே மாதிரி கிதார் முழங்க வரும் என்றுதான் ரசிகர்கள் காத்திருந்தார்கள். பாரிஸ், கோபன்ஹேகன், பிறகு இங்கிலாந்து என்று இடம் மாறி மாறிப் பதிவு நடந்தது. வெளிவந்ததோ வேறொன்று. முதல் பாட்டிலேயே கிதாரைக் காணோம், சிந்தசைசர்தான். பாடகர் தாம் யார்க்கின் குரலைச் சில இடங்களில் அடையாளமே தெரியாதபடி இயந்திரத்தில் போட்டுத் திரித்திருந்தார்கள். ஜானி கிரீன்வுட் ஓன்ட் மார்த்தனோ வாசித்தார். அது 1928இல் பிரான்சில் பிறந்த மின்னிசைக் கருவி. 'இடியோடெக்' பாட்டின் அடித்தளமே, பால் லான்ஸ்கி 1973இல் கணினியில் உருவாக்கிய இசைத் துண்டிலிருந்து எடுத்தது.

விற்ற விதமும் வழக்கத்துக்கு மாறானது. தனிப்பாடலாக எதையும் வெளியிடவில்லை. வழக்கமான இசை வீடியோவும் கிடையாது, சில நொடிகள் ஓடும் அனிமேஷன் துணுக்குகள் மட்டும்தான். விமர்சகர்களுக்கு முன்கூட்டியே பிரதி கொடுக்கவில்லை. கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார்கள். ஆனால் வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பே ஆல்பம் நாப்ஸ்டரில் கசிந்துவிட்டது. அதற்கும் முன்னால், அந்த வருட ஐரோப்பியக் கச்சேரிகளில் ரசிகர்கள் பதிவு செய்த புதுப்பாட்டுகள் இணையத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. பார்சிலோனாவில் வாசித்துச் சில வாரங்களில் இஸ்ரேல் போனால், அங்கே கூட்டத்துக்குப் புதுப்பாட்டுகளின் வரிகள் தெரிந்திருந்தன என்று பேஸ் வாசிப்பவரான காலின் கிரீன்வுட் அப்போதே சந்தோஷமாகச் சொன்னார்.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. தீர்ப்பு எழுத வேண்டியவர்களில் பலருக்கு முன்கூட்டி வீட்டில் வைத்துக் கேட்க வழியில்லை. எழுத வேண்டிய அவசியமே இல்லாத ரசிகன் ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான்! இரண்டு பேரும் கேட்டது ஒரே ஆல்பம். ஆனால் கேட்ட அனுபவம் ஒன்றல்ல.

2000 அக்டோபர் முதல் வாரத்தில் வெளிவந்தது. பிரிட்டனில் முதலிடம். அமெரிக்காவில் முதல் வாரத்தில் 2 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்று அங்கேயும் முதலிடம். அந்த நாட்டில் அவர்களுக்கு அதுதான் முதல் முதலிடம். முதல் வார விற்பனை என்பது பழைய ஆல்பத்தின் மேல் இருந்த நம்பிக்கை, புதியதற்கான தீர்ப்பு ஆகாது என்று வாதிடலாம். பாதி உண்மை. ஆனால் இலவசமாகக் கேட்டு முடித்தவர்களில் ஒரு பகுதியாவது கடைக்கும் போயிருக்க வேண்டுமே.

விமர்சகர்களாவது ஒன்றாக நின்றார்களா? அதுவும் இல்லை. லண்டன் வாரப் பத்திரிகையான மெலடி மேக்கர் ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம் கொடுத்துப் போட்டுத் தாக்கியது. அதே நேரத்தில், அன்று சின்ன இணைய இதழாக இருந்த பிட்ச்ஃபோர்க் பத்துக்குப் பத்து போட்டது. ரோலிங் ஸ்டோன் நாலு நட்சத்திரம் தந்தது. ஆக, முதல் நாளே சண்டை இருந்திருக்கிறது. "யாருக்கும் பிடிக்கவில்லை" என்பது பிற்பாடு கட்டிய கதை. தான் ரசிக்கும் ஆல்பம் ஒரு காலத்தில் உலகமே ஒதுக்கிய ஆல்பம் என்றால் ரசிகனுக்கு ஒரு பெருமை, இல்லையா?

எதிர்த்தவர்களையும் நியாயமாகக் கேட்க வேண்டும். நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி அந்த அக்டோபரில் நியூ யார்க்கரில் எழுதியதைப் பலரும் கேலிக்கே எடுத்துக்கொள்கிறார்கள். அவர் வாதத்தின் சாரம் இது: இந்த ஆல்பம் கேட்கிற பொறுமை பதினாறு வயதுப் பையனிடம் இருக்கும், வேலை, குடும்பம் என்று ஓடுகிறவனிடம் இருக்காது. இதை ரசனைக் குறைவு என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை. கேட்பதற்கு நேரம் வேண்டும், அந்த நேரம் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை.

அப்புறம் நடந்ததை எண்களே சொல்லும். ரோலிங் ஸ்டோனின் 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் 2003இல் 428வது இடம், 2012இல் 67, 2020இல் 20. ஆல்பம் ஒரு நொடிகூட மாறவில்லை. மாறியது ஓட்டுப் போட்டவர்கள். 2020 பட்டியலுக்குப் புதிதாகவே வாக்கெடுப்பு நடத்தினார்கள். 2000இல் பதினாறு வயதாக இருந்தவர்கள் அதற்குள் முப்பதைத் தாண்டி, பேனா பிடிக்கும் இடத்துக்கு வந்திருந்தார்கள். பிடிக்காதவர்கள் மனம் மாறினார்கள் என்பதற்கு இதில் எந்தச் சாட்சியமும் இல்லை. அவர்கள் பேசுவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

கடைசியாக என் கதை. முதல் தடவை கேட்டபோதே சொக்கிப்போனேன் என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லி வந்திருக்கிறேன். இந்தத் தேடலின்போது 2001ஆம் வருடத்து நோட்டு ஒன்று கைக்கு வந்தது. கேட்கும் ஆல்பங்களைப் பற்றி அதில் இரண்டு வரி எழுதி வைப்பது அப்போது பழக்கம். கிட் ஏ-வுக்கு நேரே என் கையெழுத்தில் இருப்பது: "நாலு பாட்டு தேறும். மீதி இரைச்சல்."

அந்த நாலு எவை என்று எழுதி வைக்கவில்லை. இப்போது எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.