கயிறு புடிச்ச மாமாவும் கம்ப்யூட்டர் ரோடும்

ஆபீஸ்ல ஆணி அதிகம். அதான் ரொம்ப நாளா பதிவு பக்கம் தலை வைக்க முடியல. நம்ம ஆணி என்னன்னா ரோடு டிசைன். மானிட்டர்லயே ரோடு போடுற வேலை. தார் கிடையாது, ஜல்லி கிடையாது, வேர்வையும் கிடையாது :-)

போன தடவை ஊருக்குப் போயிருந்தேன். புதுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் நடுவுல இருக்குற வல்லத்திராக்கோட்டை தான் நம்ம ஊரு. தாய்மாமா ரிட்டயர்டு சாலைப் பணியாளர். திண்ணையில உக்காந்துக்கிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"மாப்ள, சின்ன ரோடு பெரிய ரோடா மாறுற எடம் இருக்குல்ல, அதை கம்ப்யூட்டர்ல எப்புடிப்பா போடுவீங்க?"

ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிடலாம்னு ஆரம்பிச்சேன். அது ஒரு சரித்திரம்னு அப்புறம்தான் புரிஞ்சது.

எங்க பக்கம் 1948 வரைக்கும் புதுக்கோட்டை சமஸ்தானம். அறந்தாங்கியோ வெள்ளைக்காரன் ஆண்ட தஞ்சாவூர் ஜில்லா. ஒரே ரோட்டுக்கு ரெண்டு எஜமான். ரெண்டு ஊரும் ஒரே மாவட்டத்துக்குள்ள வந்தது 1974 ஜனவரியில, புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தப்பதான். இந்தியா முழுக்க இதே கதைதான். சமஸ்தானம், ஜில்லா போர்டுன்னு ஆளாளுக்கு ஒரு ரோடு. 1927ல ஜெயகர் கமிட்டி போட்டாங்க. அதோட தொடர்ச்சியா 1934ல இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வந்துச்சு. (கட்சி இல்லீங்க, இஞ்சினியர்கள் சங்கம்.) எந்த ரோடு எவ்வளவு அகலம்னு நாடு முழுக்க ஒரே கணக்கு சொன்னது இவங்கதான்.

அவங்க 1980ல போட்ட 73ஆம் நம்பர் விதிப் புத்தகத்துல கணக்கு இப்படி இருக்கு. ஒரு வழித்தடம்னா 3.75 மீட்டர். இடைநிலை ரோடு 5.5 மீட்டர். ரெண்டு வழித்தடம் 7 மீட்டர். ஒரு லாரியோட அகலம் சுமார் 2.44 மீட்டர்னு வச்சுக்கங்க. 3.75 மீட்டர் ரோட்டுல ரெண்டு லாரி எதிரெதிரா வந்தா 4.88 மீட்டர் வேணும். அப்போ சக்கரம் கீழ இறங்கித்தான் ஆகணும். எங்க இறங்கும்? ஓரத்து மண்ணுல. அதுக்குப் பேரு பெர்ம்.

அகலம் மாறுற இடத்துக்கும் அந்தப் புத்தகத்துல விதி உண்டு. சட்டுனு மாத்தக்கூடாது, 15க்கு 1ல இருந்து 20க்கு 1 வரைக்குமான சாய்வுல மாத்தணும். 3.75ல இருந்து 7க்குப் போறப்ப பக்கத்துக்கு 1.625 மீட்டர் கூடும். 20க்கு 1னா அதுக்கு 32.5 மீட்டர் நீளம் தேவை. 15க்கு 1னா சுமார் 24 மீட்டர் போதும்.

இதைச் சொன்னதும் மாமா சிரிச்சார். "நாங்க இந்தக் கடைசியில ஒரு முளைக்குச்சி, அந்தக் கடைசியில ஒரு முளைக்குச்சி அடிச்சு கயித்தை இழுத்துக் கட்டுவோம். கயிறு போற பக்கம் சுண்ணாம்பைத் தூவுவோம். அம்புட்டுதான்."

இங்கதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா கம்ப்யூட்டர்ல ரோடு போட வந்த முன்னோடிகள்ல ஒண்ணு மாஸ். (நம்ம ஹீரோ மாஸ் இல்லீங்க.) 1970கள்ல இங்கிலாந்துல டர்ஹம், நார்தாம்ப்டன்ஷயர், வெஸ்ட் சசெக்ஸ்னு மூணு கவுண்டி கவுன்சில்கள் சேர்ந்து உருவாக்கினது. அதுக்கு முன்னாடி குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு குறுக்குவெட்டு வரைவாங்க. நடுவுல என்ன நடக்குதுன்னு ஊகம்தான். மாஸ் அதைத் திருப்பிப் போட்டுச்சு. ரோட்டோட நடு, தார் விளிம்பு, பெர்ம் விளிம்பு எல்லாமே நீளவாக்குல ஓடுற ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு அவங்க வச்ச பேரு 'ஸ்ட்ரிங்'. அதாவது கயிறு! பின்னாடி அது எம்எக்ஸ்னு பேர் மாறி, 2003ல பென்ட்லி கம்பெனி கைக்குப் போச்சு.

இப்போ புழங்குற சிவில் த்ரீடி மாதிரி மென்பொருள்கள்ல ஒரு மாதிரிக் குறுக்குவெட்டு செஞ்சு, அதை ரோடு நெடுக ஓட விடுவோம். 5.5 மீட்டருக்கு ஒண்ணு, 7 மீட்டருக்கு ஒண்ணு. சும்மா விட்டா ரெண்டும் சேருற செயினேஜ்ல ரோடு மாடிப்படி மாதிரி வெட்டிக்கிட்டு நிக்கும். அதனால தார் விளிம்புக்குத் தனியா ஒரு கோடு வரைஞ்சு, 'இதைப் பிடிச்சுக்கிட்டுப் போ'ன்னு சொல்லணும். மறுபடியும் கயிறுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல நான் அடிச்ச கூத்தையும் சொல்லிடறேன். தார் விளிம்புக்கு மட்டும் கோடு குடுத்தேன். பெர்ம் அதோட ஒட்டிக்கிட்டு இருந்ததால அதுவும் வெளிய நகர்ந்துச்சு. கரைச்சரிவு பக்கத்துக் கண்மாய்க்குள்ள போய் இறங்கிடுச்சு. சரின்னு மொத்த அகலத்தை 12 மீட்டர்ல பூட்டினேன். கண்மாய் தப்பிச்சது. ஆனா தார் 5.5ல இருந்து 7 ஆனப்ப, பெர்ம் பக்கத்துக்கு 3.25ல இருந்து 2.5 ஆச்சு. விதிப்படி சரி, பாஸ் ஆயிடுச்சு. பெருமையா மாமாகிட்ட சொன்னேன்.

"அந்த முக்கா மீட்டர்லதானப்பா சைக்கிள்காரன் போவான், ஆடு போவும்" அப்படின்னார்.

பதிலே வரல எனக்கு.

1997ல சுமார் 10,000 சாலைப் பணியாளர்கள் தமிழ்நாடு முழுக்க வேலைக்கு எடுக்கப்பட்டாங்க. மாமாவும் அதுல ஒருத்தர். பெர்ம்ல முள்ளு வெட்டுறது, மழை அரிச்ச பள்ளத்துக்கு மண் அடிக்கிறது, குழி அடைக்கிறது இதெல்லாம்தான் வேலை. 2002 செப்டம்பர்ல மொத்தப் பேரும் பணிநீக்கம் செய்யப்பட்டாங்க. திரும்ப வேலை கிடைச்சது 2006ல. நடுவுல 41 மாசம். அந்த 41 மாசத்தையும் பணிக்காலமா கணக்குல சேருங்கன்னு அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா போராடினாங்க.

அந்த நாள்கள்ல மாமா அதே ரோட்டுல சைக்கிள்ல கூலி வேலைக்குப் போனார். பெர்ம் அரிச்சு, தார் விளிம்பு ஜாண் உயரத்துக்கு நின்ன ஒரு இடத்துல, எதிர்ல வந்த லாரிக்கு ஒதுங்கினவர் விழுந்து இடது கை மணிக்கட்டு ஒடைஞ்சுது. இன்னிக்கும் அந்தக் கை முழுசா மடங்காது.

"நான் மண்ணடிச்ச எடம்தான் மாப்ள" அப்படின்னு மட்டும் சொன்னார். குரல்ல கோபம் இல்ல.

இப்பவும் அதே மென்பொருள்தான். ஆனா பெர்ம் விளிம்புக்குத் தனிக்கோடு வரையாம நான் எந்தப் ஃபைலையும் மூடறதில்ல. திரையில பெர்ம் 2.5 மீட்டர்னு அழகா நிக்கும். தரையில அது நிக்கணும்னா, மண்வெட்டியோட ஒரு ஆள் வேணும்.

உங்க ஊர்ல ரோடு திடீர்னு சுருங்குற இடம் இருக்கா மக்கா? அடுத்த தடவை போறப்ப கொஞ்சம் நின்னு ஓரத்தைப் பாருங்க.